கடைமடைக்கு வருமா ஆராய்ச்சிப் பணம்?

மாதம் 8,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும், நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்காத ஒருவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு தரும் உதவித்தொகை இது. 2012-ல் நிர்ணயித்த தொகை. பத்தாண்டு கடந்தும் உயரவில்லை. அதே துறையில், அதே நெறியாளரிடம் ஆய்வு செய்யும் ஜேஆர்எஃப் மாணவருக்கு 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய். 2015-ல் அந்த எட்டாயிரத்தையும் நிறுத்தப் பார்த்தார்கள். டெல்லியில் மானியக் குழு அலுவலக வாசலில் மாணவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடியதால்தான் தப்பியது. திருவாரூரை அடுத்த நீலக்குடியில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இதே கணக்குதான்.

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று காத்திருந்து பழகியவர்கள் எங்கள் காவிரி டெல்டாவின் கடைமடைக்காரர்கள். ஆராய்ச்சிப் பணமும் இப்போது அப்படித்தான் வருகிறது. 2023-ல் சட்டம் இயற்றி உருவாக்கிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியே, தொழில் நிறுவனங்களும் நன்கொடையாளர்களும் தர வேண்டியது. நிறுவனங்கள் சென்னை ஐஐடிக்குப் போகும். சம்பா வயலில் உப்பு ஏறுவதை ஆராய நினைப்பவரைத் தேடி நீலக்குடிக்கு யார் வருவார்கள்?

வெளிநாடு போய்ப் படிக்கலாம் என்றால் அந்த வழியும் குறுகிவிட்டது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், கைவினைஞர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்காகவே இருப்பது தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது என்று 2022-ல் விதி கொண்டுவந்தார்கள். திருவாரூருக்குப் பக்கத்தில்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 அன்று கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட ஊர். அந்த மண்ணின் கூலித் தொழிலாளி மகள், தன் பாட்டன் காலத்துக் கூலிப் போராட்டத்தை லண்டனிலோ நியூயார்க்கிலோ ஆராய விரும்பினால், அவளுக்காகவே ஒதுக்கிய பணம் அவளுக்கு இல்லை. இதைவிடக் கொடிய விதியை நான் கல்வித் துறையில் கண்டதில்லை. 2025-லோ, தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் தந்து, மற்றவர்களை நிதி இருந்தால் பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தார்கள்.

அமெரிக்காவிலும் அரசு ஆராய்ச்சிப் பணத்தில் கைவைத்தது. 2025 ஏப்ரலில் ஹார்வர்டு பல்கலைக்கழகம், டிரம்ப் நிர்வாகத்தின் நிபந்தனைகளை ஏற்க மறுத்த அன்றே 220 கோடி டாலர் ஆராய்ச்சி நிதி முடக்கப்பட்டது. மே மாதம், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமையும் பறிக்கப்பட்டது. ஹார்வர்டு மறுநாளே நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. ஆய்வகங்கள் நின்றுவிடாதிருக்கத் தன் பணத்திலிருந்து 25 கோடி டாலர் ஒதுக்கியது. நிதி முடக்கம் சட்டவிரோதம் என்று செப்டம்பரில் தீர்ப்பும் வந்தது. அத்தனை பெரிய சேமிப்பு நம் பல்கலைக்கழகங்களிடம் இல்லைதான். ஆனால் மாணவர் பக்கம் நிற்பதற்குக் கோடிகள் தேவையில்லை.

உதவித்தொகை தாமதமானால் பல்கலைக்கழகம் தன் வருவாயிலிருந்து முன்பணம் தந்துவிட்டு, டெல்லியிலிருந்து வந்ததும் ஈடுகட்டிக்கொள்ளலாம். எந்தக் கோப்பு எந்த அமைச்சகத்தில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை மாதந்தோறும் எழுத்தில் தெரிவிக்கலாம். அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்காகப் பல மாதம் காத்திருந்த ஆய்வாளர்களுக்கு, பணம் வராததற்கு இணையாக வலித்தது பதில் வராததுதான்.

பல்கலைக்கழகங்களுக்கு இன்னொரு கடமையும் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி, கல்வி நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களைப் பதிவு அதிகாரிக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏட்டில் வெளிநாட்டவர்களே. என்ன விவரம் தரப்படுகிறது என்று அந்த மாணவரிடம் முதலில் சொல்லுங்கள். சட்ட உதவிக்கு ஒருவரை அமர்த்துங்கள்.

துணைவேந்தர்கள் அமைச்சகத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்க மாட்டார்கள் என்பது தெரிந்ததே. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. அந்த எட்டாயிரம் எப்போது உயரும், 2022-ன் விதி எப்போது நீங்கும் என்ற இரண்டு கேள்விகளையும் டெல்டாவின் உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே எழுப்ப வேண்டும்.