9 நம்பர் கேட்டா உஷார் மக்களே... ஊர்ல இருக்குற அப்பா போனுக்கு யார் காவல்?

நீங்க சென்னையிலயோ திருப்பூர்லயோ வேலை பார்க்குறீங்க. அப்பா, அம்மா திருச்சுழிப் பக்கம் ஒரு மானாவாரி கிராமத்துல இருக்காங்க. பருத்தி வித்த காசு, நீங்க மாசாமாசம் அனுப்புற காசு எல்லாம் ஒரே பேங்க் அக்கவுன்ட்ல. அந்த அக்கவுன்ட்டோட வாசல், அப்பா கையில இருக்குற போன்.

'பணம் போக மாட்டேங்குதுப்பா'ன்னு அவர் சொன்னா, உடனே பஸ் ஏறி அருப்புக்கோட்டையில வந்து இறங்க முடியுமா? அங்கதான் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரியான ரிமோட் ஆப்கள் கைகொடுக்குது. இருந்த இடத்துல இருந்தே அவர் ஸ்க்ரீனைப் பார்க்கலாம், சரி பண்ணலாம். சிக்கல் என்னன்னா, நீங்க செய்யுற அதே வேலையைத் திருடனும் செய்யலாம்.

2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. மோசடி நடக்கும் விதம் ரொம்ப சிம்பிள். ஏதாவது காரணம் சொல்லி ஆப்பை இறக்கச் சொல்வாங்க. ஸ்க்ரீன்ல 9 இலக்க எண் வரும், அதைக் கேட்பாங்க. அடுத்து சில அனுமதிகளுக்கு 'ஓகே' கொடுக்கச் சொல்வாங்க. அவ்வளவுதான்... ஓ.டி.பி-யை வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம், வரும்போதே அவங்களுக்கும் தெரியும்.

'அந்த ஆப்ல எல்லாம் என்கிரிப்ஷன் இருக்கே பாஸ்?' இருக்கு. ஆனா அது எதைக் காப்பாத்துது, எதைக் காப்பாத்தாதுன்னு புரிஞ்சுக்கணும்.

ஒருகாலத்துல டெல்நெட், எஃப்.டி.பி வழியாத்தான் தூரத்து கம்ப்யூட்டரை இயக்குவாங்க, ஃபைல் அனுப்புவாங்க. பாஸ்வேர்டு எந்தப் பூட்டும் இல்லாம போஸ்ட் கார்டு மாதிரி போகும். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக் கேட்டுத் திருட, அங்கே ஆராய்ச்சியாளரா இருந்த டாட்டு யலோனென் அதே வருஷம் உருவாக்கியதுதான் எஸ்.எஸ்.ஹெச். இன்னிக்கும் உலகம் முழுக்க சர்வர்களை இயக்குறதுக்கு அதுதான் வழி. பூட்டுப் போட்டு ஃபைல் அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி-யும் அதன் மேலதான் ஓடுது.

அந்த எஸ்.எஸ்.ஹெச்-சே புது கம்ப்யூட்டரோட முதன்முறை இணையும்போது, 'எதிர்ல இருக்குறது சரியான ஆள்தானா?'ன்னு உங்களைக் கேட்கும். ஐ.டி-காரங்களே பல பேர் பார்க்காம 'எஸ்'னு தட்டிட்டுப் போயிடுவாங்க. விஷயம் இங்கதான் இருக்கு. என்கிரிப்ஷன் வழியில யாரும் ஒட்டுக் கேட்காமப் பார்த்துக்கும். நாமளே கூப்பிட்டு உள்ள விட்ட ஆள் திருடனான்னு அதுக்குத் தெரியாது. திருடன் கையில சாவியைக் கொடுத்த பிறகு பூட்டு எவ்வளவு உறுதியா இருந்து என்ன?

அதனால, வீட்டுல மூணு விஷயத்தைப் பேசி வெச்சுக்கோங்க.

* ரிமோட் ஆப் தேவைன்னா, நீங்க போன் பண்ணும்போது மட்டும் போடட்டும். வேலை முடிஞ்சதும் அழிச்சிடணும். 'பேங்க்ல இருந்து பேசுறோம்'னு யார் ஆப் இறக்கச் சொன்னாலும் போனை வெச்சுட்டு உங்களைக் கூப்பிடட்டும்.

* பிரின்ட் எடுக்க கடை கம்ப்யூட்டர்ல வாட்ஸ்அப் வெப் திறந்தா, கிளம்பும் முன் லாக்-அவுட் பண்ணணும். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' போய்ப் பார்த்தா, எந்தெந்த கம்ப்யூட்டர்ல உங்க சாட் திறந்திருக்குன்னு தெரிஞ்சிடும். ஆதார், பாஸ்புக் காப்பி எல்லாம் அதுலதானே கிடக்கு?

* பணம் போயிட்டா, அக்கம்பக்கம் என்ன நினைக்கும்னு தயங்காம உடனே 1930-க்கும் பேங்குக்கும் போன் பண்ணணும். சீக்கிரம் சொன்னா, பணம் கைமாறுறதுக்குள்ள முடக்க வாய்ப்பு இருக்கு.

கடைசியா ஒண்ணு. 'இதுகூடத் தெரியாதாப்பா?'ன்னு நீங்க சலிச்சுக்கிட்டா, அடுத்த தடவை அவர் உங்களைக் கூப்பிட மாட்டார். அந்த நேரம் பார்த்து, பொறுமையா பேசுற ஒரு குரல் எதிர்முனையில வரும். அந்தக் குரலுக்கு முன்னாடி நீங்க இன்னிக்கே ஒரு போன் போட்டுடுங்க.