அன்னதானத்துல நேப்பாளிகளுக்குத் தனி வரிசை வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் உங்க கருத்தைப் போடுங்க.

அடுத்த கூட்டத்துல ஒரு யோசனை வரப் போகுதுன்னு நம்ம குரூப்புல எல்லாரும் பார்த்திருப்பீங்க. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வர்ற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு, முக்கியமா நேப்பாளிகளுக்கு, தனி வரிசை போடணும், நம்ம ஆளுங்க சாப்பிட்டு முடிச்ச பிறகு அவங்களை விடலாம் என்பதுதான் அது. காரணம் மூணு சொல்றாங்க. சோறு பத்தல. நம்ம கோயில் முறை அவங்களுக்குத் தெரியல. மரியாதையும் தெரியல.

தனி வரிசை கூடாது என்பது என் கருத்து. நான் தொழிற்சாலையில சூப்பர்வைசர். இருபது வருஷத்துக்கு மேல நேப்பாளி பிள்ளைங்களோட ஒரே லைன்ல நின்னு வேலை செஞ்சிருக்கேன். அவங்க பழக்கவழக்கத்தைப் பக்கத்துல இருந்து பார்த்தவன். அதனால அந்த மூணு காரணத்துக்கும் ஒண்ணொண்ணா பதில் சொல்றேன்.

முதல்ல மரியாதை. நேப்பாளி மொழியில "நீ"ன்னு சொல்ல மூணு படி இருக்கு. ரொம்ப கீழ "த". கூட்டாளிக்கும் சின்னவங்களுக்கும் "திமி". பெரியவங்களுக்கும் புது ஆளுக்கும் "தபாய்". நாம கூப்பிட்டா அவங்க "ஹஜுர்"னு பதில் குடுப்பாங்க. நம்ம "ஐயா" மாதிரின்னு வச்சிக்குங்க. பேரைச் சொல்லி மொட்டையா கூப்பிடறது அவங்க ஊர்ல கம்மி. மூத்தவர்னா "தாஜு", இளையவர்னா "பாய்", அக்கான்னா "திதி", தங்கச்சின்னா "பஹினி". முன்பின் தெரியாத ஆளா இருந்தாலும் ஏதாவது ஒரு உறவு முறை வச்சித்தான் பேச்சே ஆரம்பிக்கும். நம்ம கிட்ட அண்ணே, அக்கா, தம்பி இருக்கிற மாதிரிதான்.

இப்ப நாம அவங்களை எப்படிக் கூப்பிடறோம்? நாப்பத்தஞ்சு வயசு ஆளைப் பார்த்து "ஓய் பாய்". இல்லன்னா "பகதூர்". இல்லன்னா "கூர்க்கா". கோர்க்கா என்பது அவங்க நாட்டுல ஒரு ஊர். அந்தப் பேர்லதான் கூர்க்கா பட்டாளம் வந்தது. 1948-லேருந்து 1960 வரைக்கும் இந்த நாட்டுல அவசரகாலம் இருந்தப்போ, காட்டுக்குள்ள சண்டை போட்டவங்கள்ல கூர்க்கா வீரர்களும் உண்டு. சிங்கப்பூர் போலீசுல 1949-லேருந்து கூர்க்கா படைப்பிரிவு இருக்கு. அப்படிப்பட்ட பேரை நாம வாசல் காவலுக்கு நிக்கிறவருக்கு வைக்கிற கேலிப் பேரா ஆக்கிட்டோம். நம்ம தாத்தா பாட்டிங்க காலத்துல நம்மளையும் இந்த நாட்டுல ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டாங்க. அது காதுல எப்படி விழுந்ததுன்னு வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க.

"சோறு வாங்கிட்டு ஒரு நன்றி கூட சொல்ல மாட்டேங்கிறான்" என்று ஒரு தொண்டர் அன்னைக்கு வருத்தப்பட்டார். நன்றிக்கு அவங்க மொழியில "தன்யபாத்"னு சொல் இருக்கு. ஆனா அன்றாடம் அதைச் சொல்ற பழக்கம் கம்மி. முகத்தைப் பார்த்து லேசா தலையைச் சாய்ச்சா முடிஞ்சது. நாம மட்டும் என்ன? வீட்டுல அம்மா சோறு போட்டா "நன்றி"ன்னா சொல்றோம்? சொன்னா அம்மாவே பயந்துடுவாங்க. இன்னொண்ணு, பெரியவங்களுக்கு ஒரு பொருள் குடுக்கும்போதோ அவங்க கிட்ட வாங்கும்போதோ வலது கையை நீட்டி, இடது கையால வலது முழங்கையைத் தொட்டுக்குவாங்க. அதுதான் அவங்க மரியாதை. அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு வாங்கும்போது கவனிச்சுப் பாருங்க.

ரெண்டாவது, முறை தெரியலங்கிற பேச்சு. இதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கு. அவங்க முறையில முக்காவாசி நம்ம முறைதான்.

சப்பாத்தை வாசல்லயே கழட்டுவாங்க. இடது கையால சாப்பாடு எதையும் குடுக்க மாட்டாங்க. உட்கார்ந்திருக்கிற ஆளைத் தாண்டிப் போறது தப்பு. கால் தெரியாம ஒருத்தர் மேல பட்டுட்டா, உடனே அவரைத் தொட்டுத் தன் தலையில ஒத்திக்குவாங்க. பாட்டில் தண்ணியை அண்ணாந்து ஊத்திக் குடிப்பாங்க, வாய் வைக்க மாட்டாங்க. எச்சிலுக்கு அவங்க சொல் "ஜுட்டோ". ஒருத்தர் வாய் பட்ட சாப்பாடு மட்டுமில்ல, பரிமாறுற கரண்டி சாப்பிடுறவர் தட்டுல பட்டாலே அது ஜுட்டோ. போன மாசம் ஒரு பையன் கரண்டி தட்டுக்குக் கிட்ட வந்ததும் கையைக் குறுக்க நீட்டினான். "என்ன திமிரு பாரு"ன்னு பேசினாங்க. கரண்டி தன் தட்டுல பட்டா மத்தவங்க சாப்பாடு எச்சில் ஆயிடுமேன்னுதான் அவன் தடுத்தான். நம்ம பாட்டி இருந்திருந்தா அவனை மெச்சியிருப்பாங்க.

இன்னொரு நாள் அர்ச்சனை முடிஞ்சு குங்குமம் நீட்டினப்போ ஒரு தம்பி வேணாம்னு ஒதுங்கிட்டாரு. அதுக்கும் முணுமுணுப்பு. அவர் எங்க கம்பெனிதான். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகல. அவங்க வழக்கத்துல பெத்தவங்க போயிட்டா மகன் தலையை மொட்டை அடிச்சி, 13 நாள் வெள்ளைத் துணி கட்டி, தனியா இருந்து, தானே சமைச்ச உப்பில்லாத சோத்தை ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுக் காரியம் செய்யணும். அந்த நாள்ல மத்தவங்களைத் தொடக்கூடாது, கோயிலுக்கும் வரமாட்டாங்க. நம்ம தீட்டு மாதிரி. முறையா செய்யறவங்க வருஷம் முழுக்க வெள்ளை உடுத்துவாங்க. அந்த வருஷம் சிவப்புப் பொட்டு கிடையாது, பண்டிகையும் கிடையாது.

அந்தத் தம்பிக்கு லீவு கிடைச்சு ஊருக்குப் போக முடியல. டிக்கெட் காசும் இல்ல. ஹாஸ்டல்ல பத்துப் பேர் படுக்கிற அறையில ஒரு மூலையில துணி கட்டித் தனியா இருந்தாரு. வேலைக்கு யூனிபார்ம் போட்டாகணும், வெள்ளை உடுத்த முடியாது. குங்குமம் வேணாம்னு சொல்றது ஒண்ணுதான் அவர் அப்பாவுக்காக அவரால செய்ய முடிஞ்சது. அதையும் நாம திமிருன்னு சொன்னா எப்படி?

"அவங்க சாமி வேற, ஆடு வெட்டுறவங்க"ன்னும் ஒரு பேச்சு இருக்கு. உண்மைதான், தசைன் பண்டிகைக்குத் துர்க்கைக்கு ஆடு பலி குடுப்பாங்க. நம்ம தோட்டத்து முனியாண்டி கோயில்ல என்ன நடந்ததுன்னு நமக்குத் தெரியாதா? தசைன் என்பது நம்ம நவராத்திரிதான். 15 நாள் பண்டிகை. முதல் நாள் கலசம் வச்சி, மண்ணுல பார்லி விதை போட்டு, வெளிச்சம் படாத இடத்துல வளர்ப்பாங்க. மஞ்சளா முளைச்சு வரும். அதுக்குப் பேர் ஜமரா. நம்ம மாரியம்மனுக்கு எடுக்கிற முளைப்பாரியேதான்! விஜயதசமி அன்னைக்கு வீட்டுப் பெரியவங்க அரிசி, தயிர், சிவப்புப் பொடி கலந்து சின்னவங்க நெத்தியில டீகா வச்சி, ஜமராவைத் தலையில செருகி ஆசீர்வாதம் பண்ணுவாங்க. சின்னவங்க குனிஞ்சு கும்பிடுவாங்க. இதுல ஒரு அழகு பாருங்க, பல குடும்பங்கள்ல பெண் பிள்ளையைக் காலைத் தொட விடமாட்டாங்க. அவ தெய்வம்னு அப்பாவே குனிஞ்சு மகள் காலைத் தொட்டுக் கும்பிடுவாரு.

தீபாவளி சமயத்துல திஹார், 5 நாள். முதல் நாள் காக்காவுக்குச் சோறு. ரெண்டாவது நாள் நாய்க்கு மாலை போட்டுப் பொட்டு வச்சி நல்ல சாப்பாடு. வைரவருக்கு வடைமாலை சாத்துற நாம இதைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? அப்புறம் லெட்சுமி பூஜை. கடைசி நாள் அக்கா தங்கச்சிங்க சகோதரனுக்கு ஏழு நிறத்துல பொட்டு வச்சி ஆயுசு வேணும்னு கும்பிடுவாங்க. அவங்க புது வருஷமும் ஏப்ரல் நடுவுல, நம்ம சித்திரையை ஒட்டித்தான் வரும். பசு அவங்க நாட்டோட தேசிய விலங்கு. பசுவைக் கொல்றது அங்கே சட்டப்படி குற்றம்.

காட்மாண்டுல பசுபதிநாதர் கோயில் இருக்கு. அங்க மூலஸ்தானத்துல பூஜை செய்யற பட்டர்கள் தென்னிந்தியாவுல கர்நாடகப் பக்கத்துலேருந்து வர்றவங்க. நம்ம வீட்டுப் பெருமாள் பூஜையில இருக்கிற சாளக்கிராமக் கல் எங்கேருந்து வருது? நேப்பாளத்துல ஓடுற கண்டகி நதியிலேருந்துதான். 108 திவ்ய தேசத்துல ஒண்ணான சாளக்கிராமம், முக்திநாத்னு சொல்லி நம்ம ஆளுங்க காசு கட்டி யாத்திரை போறாங்க. அந்த மலையில 108 தாரை தண்ணியில குளிச்சிட்டு வந்து நமக்குத் தீர்த்தம் குடுக்கிறாங்க. அவங்க நாட்டுக் கல்லையும் தண்ணியையும் தலையில வச்சிக்கிறோம். அந்த நாட்டு மனுஷனைக் கடைசி வரிசையில நிக்க வைக்கிறதா?

எல்லா நேப்பாளியும் இந்துன்னு நான் சொல்லல. 2021 கணக்கெடுப்புப்படி நூத்துக்கு 81 பேர் இந்து, 8 பேர் பௌத்தர். தாமாங், குருங் மாதிரி இனங்கள்ல பௌத்தர்கள் நிறைய. அவங்களும் நம்ம கோயில்ல கைகூப்பிக் கும்பிட்டுட்டுத்தான் போறாங்க. முக்திநாத்லயே இந்துவும் பௌத்தரும் ஒரே இடத்துல கும்பிடறாங்க. பசிச்சு வந்தவன் கிட்ட சாதி மதம் கேட்டுச் சோறு போடறது அன்னதானம் ஆகாது.

மூணாவது, சோறு பத்தல. இது நியாயமான பிரச்சினை. ஒத்துக்கிறேன். "தட்டைத் திரும்பத் திரும்ப நீட்டுறாங்க"ன்னு சமையல் கட்டுல சொல்றாங்க. அவங்க சாப்பாடு டால் பாத், பருப்பும் சோறும். தினம் ரெண்டு வேளை அதுதான். மத்தது எதைச் சாப்பிட்டாலும் சோறு சாப்பிடலன்னா சாப்பிட்டதா கணக்கில்ல. விருந்தாளி தட்டுல ரெண்டாவது தடவை, மூணாவது தடவை போடறது வீட்டுக்காரர் கடமை. வழியில பார்த்தா அவங்க கேட்கிறதே "கானா கானுபயோ?", அதாவது சாப்டாச்சா? நாம "பசியாறியாச்சா"ன்னு கேட்கிற மாதிரிதான். பன்னெண்டு மணி நேரம் ஷிப்ட் முடிச்சு யூனிபார்மோட வர்ற பையன் ரெண்டு தடவை சோறு வாங்கினா என்ன குறைஞ்சிடும்?

பத்தலன்னா இன்னொரு மூட்டை அரிசி போடுவோம். மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கூடுதல் அரிசி பருப்பு உபயத்தை நான் எடுத்துக்கிறேன். இன்னும் மூணு பேர் வந்தா மாசம் முழுக்க முடிஞ்சது. குடிச்சிட்டு வர்றவனை விடக்கூடாதுன்னு சொல்றீங்களா, தாராளமா விடாதீங்க. ஆனா அந்தச் சட்டம் நம்ம ஆளுக்கும் சேர்த்துதான். நேப்பாளி மூஞ்சிக்கு ஒரு சட்டம், நம்ம மூஞ்சிக்கு ஒரு சட்டம்னு வேண்டாம்.

அவங்களும் நம்ம கோயில் முறையைத் தெரிஞ்சிக்கணும். மூலஸ்தானத்துக்கு நேரா நின்னு போன்ல படம் எடுக்கிறாங்க, பெண்கள் வரிசையில போய் நிக்கிறாங்க. சொல்லிக் குடுத்தா கேட்பாங்க. அவங்க மொழியில நாலு வரி எழுதி வாசல்ல ஒட்டினா போதும். அவங்களுக்கும் நமக்கும் மலாய் தெரியும்தானே, பக்கத்துல போய் மெதுவா சொன்னாலும் போதும். தூரத்துலேருந்து கையைத் தட்டி விரட்ட வேண்டாம்.

கூட்டத்துல நான் வைக்கப் போறது இதுதான். ஒரே வரிசை, வந்தது யாரோ அந்த முறைப்படி. கோயில்ல யாரையும் பகதூர், கூர்க்கான்னு கூப்பிடக் கூடாது. வயசைப் பார்த்து அண்ணே, தம்பி, இல்ல தாஜு, பாய் போதும். பரிமாறும்போது கரண்டி தட்டுல படக் கூடாது. குங்குமம் வேணாம்னு சொன்னா விட்டுடணும். அவங்கள்ல விருப்பம் உள்ள நாலு பேரைப் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் சேர்த்துக்கணும், நம்ம தொண்டர் சட்டையைக் குடுத்து. தசைனுக்கு இங்க லீவு கிடையாது. அதனால விஜயதசமி அன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்களுக்கு நம்ம மண்டபத்தை ஒரு மணி நேரம் விட்டா, டீகா வச்சிக்குவாங்க. அப்பா அம்மா அங்க, பிள்ளைங்க இங்க. நெத்தியில பொட்டு வைக்க ஒரு பெரியவர் கை வேணும். நம்ம கோயில்ல பெரியவங்களுக்கா பஞ்சம்?

நம்ம முன்னோர்களும் கப்பல் ஏறி வந்து, தோட்டத்துல பால் வெட்டி, கையில இருந்த காசைப் போட்டுத்தான் இந்த மாதிரி கோயில்களைக் கட்டினாங்க. ஊரை விட்டு வந்தவனுக்குக் கோயில் வாசல்தான் வீட்டு வாசல்.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க கூட்டத்துக்கு நேர்ல வந்து பேசுங்க. உபயத்துக்குச் சேர விரும்புறவங்க எனக்குத் தனியா செய்தி அனுப்புங்க.

ஓம் சக்தி.