இனிப்பு நீர் நம் இரத்தத்தின் குற்றமா?



ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் மாணவன் ஒருவன் அடிக்கடி விடுப்பு எடுத்து வந்தான். காரணம் கேட்டேன். "பாட்டிக்குக் கால்ல புண்ணு ஐயா. கிளினிக்குல டாக்டர் மலாய்ல பேசுவாங்க. நான்தான் பாட்டிக்குச் சொல்லணும்" என்றான். அவன் தந்தை பாதுகாவலர் வேலையில் இருக்கிறார். ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தாயார் தொழிற்சாலையில் மாற்றுப்பணி செய்கிறார். ஆகவே, பதினொரு வயதுச் சிறுவன் ஒரு நோயாளியின் உயிருக்கு மொழிபெயர்ப்பாளன் ஆகிவிட்டான்!

பள்ளி விடுமுறையின்போது ஒருநாள் அவர்களோடு நானும் போயிருந்தேன். சோற்றைக் குறைக்கும்படி மருத்துவர் முன்பே சொல்லியிருந்தாராம். பையனும் "சோத்தக் கொறைக்கணுமாம் பாட்டி" என்று சொல்லியிருக்கிறான். பாட்டி அப்படியே செய்தார். இரவில் சோற்றை அறவே நிறுத்தினார். அதற்குப் பதிலாக நான்கு தோசையும் சீனி போட்ட தேநீரும்! தோசையும் அரிசிதான் என்று அவருக்கு எடுத்துச்சொல்ல அங்கே யாரும் இல்லை. இரத்தத்தில் சீனியின் அளவு ஏறியிருந்தது. அட்டையைப் பார்த்த பணியாளர் ஒருவர், "இந்தியர்கள் இப்படித்தான், சொன்னால் கேட்பதில்லை" என்று மலாயில் சொன்னார். அந்தச் சொல்லைப் பையன் மொழிபெயர்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் குனிந்த தலைதான் என்னை இதை எழுத வைக்கிறது.

2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்நாட்டில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. சீனர்களில் 15.1 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 22.0 விழுக்காடு, இந்தியர்களிலோ 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோம். மக்கள்தொகையில் 7 விழுக்காட்டைக்கூட எட்டாத ஒரு சமுதாயம், நோயில் மட்டும் முதலிடம் பிடித்திருக்கிறது!

இந்த எண்ணைக் காட்டியவுடன் பலரும் சொல்லும் விடை ஒன்றுண்டு: "அது உங்கள் பரம்பரை." நம்மவர்களே இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். இது பாதி உண்மை. ஆசிய மக்களுக்கு, குறிப்பாகத் தெற்காசியர்களுக்கு, குறைந்த உடல் எடையிலேயே இந்நோய் வரக்கூடும். ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தொடும்போதே கவனம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் கூறியது. நன்று. அப்படியானால் நம்மை முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும்; கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பரம்பரை என்பது கவனிப்பதற்கான காரணமே ஒழிய, கைகழுவுவதற்கான சாக்கு அன்று.

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1996-இல் 30 வயதைக் கடந்தவர்களை மட்டும் ஆய்ந்தபோதே நாட்டளவில் இந்நோய் 8.3 விழுக்காடாகத்தான் இருந்தது. 2019-இல் இளையோரையும் சேர்த்து எண்ணியும் அது இருமடங்கைத் தாண்டிவிட்டது. இருபத்து மூன்று ஆண்டுகளில் யாருடைய இரத்தமும் மாறிவிடாது. மாறியது வாழ்க்கை!

நம் வாழ்க்கை எப்படி மாறியது? விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்கள் நம் பாட்டனும் பாட்டியும். தோட்டத்து வாழ்க்கையை நான் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். வறுமையும் கள்ளும் அங்கே மலிந்திருந்தன. ஆனாலும் நடையும் உழைப்பும் இருந்தன. வீட்டுக்குப் பின்னே கீரைப்பாத்தி இருந்தது. காய்ச்சல் என்றால் தமிழ் பேசும் டிரெசர் ஒருவர் பல தோட்டங்களில் இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தார்கள். பாத்தி போயிற்று, நடை போயிற்று, டிரெசரும் போனார். பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் அமரும் காவல் வேலையும், பசிக்கும் நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வந்து சேர்ந்தன. இதை வெறும் நாக்கின் குற்றம் என்பது அநியாயம் அல்லவா?

"அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதானே கட்டணம், பிறகென்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. கட்டணம் ஒரு வெள்ளிதான், மறுக்கவில்லை. ஆனால் காத்திருப்பதற்கு விலை அரைநாள் கூலி. பெக்கா பி40 என்ற இலவசப் பரிசோதனைத் திட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம், ஆனால் அதன் வாசல் 40 வயதில்தான் திறக்கிறது. முன்னதாகவே நோய்க்கு ஆளாகும் ஒரு சமுதாயத்துக்கு அது தாமதமான வாசல். தட்டில் காற்பங்கு சோறு, காற்பங்கு மீன் அல்லது இறைச்சி, அரைப்பங்கு காய் பழம் என்னும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறையும் நல்லதே. ஆனால் தோசைக்கும் இடியாப்பத்துக்கும் அந்தத் தட்டை எப்படிப் பிரிப்பது? பாட்டியின் மொழியில் சொன்னால்தானே அவருக்கு விளங்கும்! அவருக்கு எழுத்தறிவு இல்லை; தமிழில் அச்சிட்ட துண்டறிக்கையும் பயன்படாது. அவருக்கு வேண்டியது பேசும் வாய்.

மருத்துவர்களையும் தாதியரையும் நான் பகைவர்களாகக் கருதவில்லை. நூற்றுக்கணக்கானோரை நாள்தோறும் பார்ப்பவர்கள் அவர்கள். ஆனால், எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவது வேறு. எல்லாருக்கும் சமமாக நலம் கிடைக்கச் செய்வது வேறு. மொழியை விளங்கிக்கொள்ள வழி செய்யாமல் "கேட்பதில்லை" என்று ஓர் இனத்தையே பழிப்பது எந்த வகை நியாயம்?

ஆதலால் நான் கேட்பவை இவை:

1. தமிழர் மிகுதியாக வாழும் இடங்களின் சுகாதார நிலையங்களில், தமிழ் பேசும் ஒருவர் குறித்த நாளிலேனும் இருக்கவேண்டும். பள்ளிப்பிள்ளை மொழிபெயர்ப்பாளன் ஆகக்கூடாது.

2. வேலைக்குப் போவோர் வரக்கூடிய மாலையிலும் வார இறுதியிலும், தமிழ்ப்பள்ளி மண்டபத்திலும் கோயில் திடலிலும் பரிசோதனை நடக்கவேண்டும். 40 வயதுக்குக் குறைந்தோரையும் சேர்க்கவேண்டும்.

3. உணவு அறிவுரை நம் அடுப்பங்கரையை அறிந்ததாக இருக்கவேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நிறமூட்டிய சீனித் தண்ணீரை விற்க விடுவது யார்? சரியான விடைக்கு மிட்டாய் பரிசளிப்பது யார்? நானும் அளித்திருக்கிறேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விளையாட்டுப் போட்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குவோம். அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு நாமே கடிதம் எழுதி அழைப்போம். தமிழில் விளக்க ஆள் இல்லை என்றால், ஆசிரியர்களாகிய நாம் முறைவைத்துப் போய் நிற்போம்.

அந்தப் பாட்டியின் கால்விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். பேரன் மீண்டும் வகுப்புக்கு வருகிறான். அவனுக்குப் பெருக்கல் வாய்பாட்டைக் கற்பிக்கும்போதெல்லாம் 'மூவரில் ஒருவர்' என்ற கணக்கு என் நினைவுக்கு வருகிறது. என் வகுப்பில் முப்பது பிள்ளைகள். அந்தக் கணக்கை அவர்கள் மீது போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வருமா?