1429: வரி மறுத்தவர்கள் குற்றவாளிகளா?

பேரரசு விதிக்கும் வரியைக் கொடுக்க மறுப்பது தர்மமா? இந்தக் கேள்வி எழுந்தால் பள்ளிப் புத்தகம் நம்மை, வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய 1773இன் பாஸ்டன் துறைமுகத்துக்கு அழைத்துப் போகிறது. உளுந்தூர்பேட்டைக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதற்கு 344 ஆண்டுகள் முன்பே, 1429இல், இந்தப் பக்கத்துக் குடிகள் பதில் சொல்லிவிட்டார்கள். கோயில் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். எலவானாசூர், விருத்தாசலம், ஆடுதுறை, கொறுக்கை எனப் பல ஊர்களில் அந்தக் கல்வெட்டுகள் உண்டு.

ஆட்சி விஜயநகரத்துடையது, அரசர் இரண்டாம் தேவராயர். வயலில் என்ன விளைந்தது என்று பாராமல் வரி போட்டார்கள். ஊரைவிட்டு ஓடுவதுதான் அந்தக் காலக் குடியானவனின் கடைசி ஆயுதம். இவர்களும் ஓடத்தான் இருந்தார்கள். மண்டலம் ஒன்றுசேராததால்தான் இந்த அநியாயம் நடக்கிறது என்று பிறகு உணர்ந்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. சாதிகளின் இரு அணிகளான வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் சேர்ந்து நின்றன. பின்னாளில் தெருவுக்கும் பல்லக்குக்கும் அடித்துக்கொண்ட அதே வலங்கை, இடங்கைதான்!

அவர்கள் செய்தது சரி. வரியே தர மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. நஞ்சையோ புஞ்சையோ, விளைச்சலுக்கு ஏற்றதைத் தருவோம், முறைகேடாக விதித்ததைத் தர மாட்டோம் என்றார்கள். எந்தப் பயிருக்கு எவ்வளவு என்றும் எழுதினார்கள். தருவது இன்னது, மறுப்பது இன்னது என்று ஊரறியச் சொன்னவரை வரி ஏய்ப்பவர் என்பது அநியாயம். செங்குறிச்சி சுங்கச்சாவடியில் பதவி அட்டையை நீட்டிக் காசு கொடுக்காமல் போகப் பார்க்கும் பெரிய மனிதர்கள் இவர்களைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

பழி முழுவதையும் துங்கபத்திரைக் கரைத் தலைநகரில் கொண்டுபோய்ப் போடாததும் அவர்களின் நேர்மை. அரசு அதிகாரிகளோடும், சேவைக்கு மானியம் பெற்ற ஜீவிதக்காரர்களோடும் சேர்த்து, நில உரிமை கொண்ட உள்ளூர்ப் பிராமண, வெள்ளாளக் காணியாளர்களையும் குற்றம் சாட்டினார்கள். எங்கோ இருக்கும் ராயருக்கு இங்கே எவன் கொல்லையில் எள் விளைந்தது என்று தெரியாது. சொல்வதற்கும் கணக்கெழுதுவதற்கும் உள்ளூர் ஆள் வேண்டும். அங்கேதான் கை வைத்தார்கள். அதிகாரிகளுக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது, கணக்கு எழுதக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

விருத்தாசலம் கல்வெட்டு அதோடு நிற்கவில்லை. மீறியவன் நாட்டுத் துரோகி, அவனைக் குத்த வேண்டும் என்கிறது. இதற்கு நாம் தலையாட்ட முடியாது. பயந்து ஓலை எடுத்த கணக்கனும், பங்கு வாங்கிக் கொழுத்த காணியாளனும் ஒன்றல்ல. விளைச்சலைப் பார்த்து வரி போடு என்று கேட்டவர்கள், ஆளையும் நிலைமையையும் பார்த்துத் தண்டனை என்று எழுதியிருக்க வேண்டும்.

பேரரசு போனாலும் உள்ளூர் வசூல் தானாகப் போவதில்லை. உளுந்தூர்பேட்டை இருக்கும் இதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் 1947க்குப் பிறகும் குடிகள் ஜாகீர்தார்களுக்கே வரி கட்டினார்கள். அந்த ஜாகீர்களை அரசு கையில் எடுத்தது 1976இல். இடைப்பட்ட 29 ஆண்டுகளுக்கு ராயரையோ வெள்ளைக்காரனையோ கைகாட்ட வழியில்லை. அந்தப் பழி கோட்டையில் மாறி மாறி உட்கார்ந்த நம்மவர்களுடையது.