கியூவுக்கு ஒன்றரை அங்குல ஈட்டி

பூல் கியூ செய்து தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கைப்பிடி கருங்காலியில கிடைக்குமா?" என்றுதான். கருங்காலி மாலை மோகம் இங்கேயும் வந்துவிட்டது. பந்தை அடிப்பது முன்பாதி. காசை அங்கே போடுங்கள் என்பேன்.

அந்த முன்பாதி மேப்பிள். வட அமெரிக்கக் குளிரில் மெதுவாக வளர்ந்த மரமாக இருந்தால் வளையங்கள் நெருங்கி இருக்கும். ரேகை அடிமுதல் நுனிவரை நேராக ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் இறங்கினால், எத்தனை வெளுப்பாக இருந்தாலும் அந்தக் கட்டை எனக்கு வேண்டாம். சூளையில் 6 முதல் 8 சதவீத ஈரத்துக்குக் காய்ந்து வருவது சென்னைக் காற்று பட்டதும் மறுபடி ஈரம் குடிக்கும். அதனால் ஒரே மூச்சில் கடைவதில்லை. லேத்தில் கொஞ்சம் கடைந்து, தொங்கவிட்டு, வாரக்கணக்கில் விட்டுவிட்டு மறுபடி கொஞ்சம். வளைகிறது இப்போதே வளையட்டும். நுனி 13 மில்லிமீட்டருக்கு வருவதற்குள் பல கட்டைகள் கழிந்துவிடும். விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கைப்பிடிக்கு என் தேர்வு ஈட்டி மரம். கனமும் உண்டு, அழகும் உண்டு. ஸ்நூக்கருக்கு விதி எழுதி 1880-களில் ஊட்டி கிளப்பில் மாட்டினார்கள். அதே நீலகிரியில், கூடலூர்ப் பக்கம் வளரும் மரம் இது. அதை வெட்டக் கட்டுப்பாடு விதித்து 1994-இல் தமிழக அரசு தனிச் சட்டமே போட்டது. 2017 முதல் சர்வதேச வணிகத்துக்கும் கட்டுப்பாடு. இரண்டும் சரியென்பதே என் கட்சி.

ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றரை அங்குலச் சதுரத்தில் ஒன்றரை அடி. வனத்துறை டிப்போ ஏலத்தில் மரம் குவியலாகப் போகிறது. என்னைப் போன்ற ஒற்றை லேத்துக்காரன் அங்கே கை தூக்க முடியாது. பில் இல்லாத கட்டையோடு வாசலுக்கே வருகிறவன் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறான். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, காரைக்குடி பழம்பொருள் கடைகளில் உடைந்த நாற்காலிக் கால் தேடுகிறேன். எல்லோருக்கும் அந்தப் பொறுமை இருக்காது.

கேரளத்தில் வீடு கட்டுவோருக்கு வனத்துறை டிப்போவிலேயே தேக்கு சில்லறையாகக் கிடைக்கிறது. காற்றில் விழுந்த ஈட்டியின் துண்டுகளைத் தமிழக வனத்துறையும் அப்படி முத்திரையிட்டு, பில் போட்டு, கைவினைஞர்களுக்குச் சிறு அளவில் விற்கட்டும். கியூ வாங்குகிறவர்களும் மரத்தின் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.