இரண்டரைக் கட்டையில் ஒரு கிட்டார்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியது. தமிழ்ப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த அரங்கத்தின் பூர்வாசிரமத்தைப் பற்றி ஒரு வரிகூட எங்கள் கண்ணில் படவில்லை. ஈவென்டிம் அப்பல்லோ என்று இன்று பெயர் தாங்கி நிற்கும் அந்தக் கட்டடம்தான் பழைய ஹாமர்ஸ்மித் ஓடியன். 1982இல் அயர்ன் மெய்டன் அங்கே வாசித்தது பிற்பாடு தனி ஆல்பமாகவே வந்தது. மோட்டார்ஹெட் தன்னுடைய நேரடிக் கச்சேரி ஆல்பத்தின் தலைப்பில் ஹாமர்ஸ்மித்தைச் சேர்த்துக்கொண்டது. ஹெவி மெட்டல் ரசிகனுக்கு அது ஒரு க்ஷேத்திரம். அன்று ராஜாவுக்கு வாசித்த ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவும் இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டதுதான். 1969 செப்டம்பர் 24 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள் குழுவோடு ஒரே மேடையில் அமர்ந்து, ஜான் லார்ட் எழுதிய கான்செர்ட்டோவை மால்கம் ஆர்னால்டின் கையசைவில் வாசித்தவர்கள் அவர்கள்.

இதை நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு எழுதக் காரணம் உண்டு. நம் ஊரில் டிஸ்டார்ஷன் பெடலை மிதிக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “என்ன மக்களே இந்த ஒச்சை? முறையா சங்கீதம் படிச்சா என்ன?” பிள்ளைகளுக்கும் உள்ளூர அந்தக் கூச்சம் இருக்கிறது. அடுத்த பாட்டிலேயே கீபோர்டிலிருந்து வயலின் சத்தத்தை எடுத்து நாலு இடத்தில் தூவிவிடுகிறார்கள். கேட்பவர் ‘ஓ, ஃப்யூஷன்’ என்று தலையாட்டுவார். சாஸ்திரீய சங்கீதம் மாடியில் இருக்கிறது, மெட்டல் முற்றத்தில் கிடக்கிறது, வயலின் வந்து கைகொடுத்து மேலே ஏற்றிவிடும் என்பது இரு தரப்பும் பேசாமலே ஒப்புக்கொண்ட கணக்கு. இந்தக் கணக்கு எங்களுக்கு உடன்பாடில்லை.

மேல்நாட்டில் இந்தச் சேர்க்கைக்கு அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி கல்யாண வீட்டு வாசலில் கட்டிய வாழை மரம். விசேஷ வீடு என்று தெரிந்துகொள்ள உதவும். அதைப் பார்க்கவென்று யாரும் வருவதில்லை. 1999 ஏப்ரலில் மெட்டாலிகா சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு இரண்டு இரவு வாசித்தது. என்றைக்கோ முடிந்துபோன பாட்டுகளுக்கு மேலே மைக்கேல் காமென் வயலினும் பித்தளை வாத்தியங்களும் எழுதிச் சேர்த்தார். கேட்கப் பிரமாதம். ஆனால் ஆர்கெஸ்ட்ராவை உருவிவிட்டாலும் அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை அப்படியே நிற்கும். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1996இல், ஃபின்லாந்தின் அபோகாலிப்டிகா அதே மெட்டாலிகா பாட்டுகளை நான்கு செல்லோக்களில் மட்டும் வாசித்து ஆல்பம் போட்டது. கிட்டாரே கிடையாது. பாட்டு விழவில்லை. மெட்டலின் ‘ரிஃப்’ என்பது அடிப்படையில் வில்போட்டு இழுக்கத்தக்க தந்தி இசைதான் என்பதை அந்த நால்வரும் வாசித்தே காட்டிவிட்டார்கள். சேர்த்த ஒன்றை எடுத்துப் பார். மீதி விழுகிறதா, நிற்கிறதா? விழுந்தால்தான் சேர்க்கை. எங்களிடம் இருக்கும் உரைகல் இவ்வளவுதான்.

கர்நாடக சங்கீதத்தோடு மெட்டல் சேர்வது ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவோடு சேர்வதைவிட எளிது என்பது எங்கள் கட்சி. மெட்டல் கிட்டாரில் நாள் முழுக்க ஒலிப்பது ‘பவர் கார்ட்’. அதில் இருப்பது இரண்டே சுரம்: சட்ஜமும் பஞ்சமமும். மேல்நாட்டு இசையில் ஒரு கார்டை மேஜர் என்றோ மைனர் என்றோ தீர்மானிக்கிற காந்தாரம் அதில் இல்லை. காரணம் ரசனை மட்டுமல்ல, மின்சாரம். டிஸ்டார்ஷன் ஒவ்வொரு சுரத்திலிருந்தும் புதிது புதிதாக மேல் சுரங்களைக் கிளப்பும். சுரங்களின் கூட்டலிலும் கழித்தலிலும் இன்னும் சில பிறக்கும். ச, ப என்று எளிய விகிதத்தில் இருக்கும் இரண்டைக் கொடுத்தால் இவையெல்லாம் அதற்குள்ளேயே அடங்கிக் கனமாக ஒலிக்கும். காந்தாரத்தையும் சேர்த்தால் கலங்கிப்போகும். ஆகவே கிட்டார்காரர்கள் அதைத் தூக்கி எறிந்தார்கள். மிஞ்சியது என்ன? தம்புரா. இன்னும் சரியாகச் சொன்னால், நாகஸ்வரக்காரருக்குப் பின்னால் நின்று ஒருவர் மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாரே, அந்த ஒத்து. எட்டுக் கட்டு ஆம்ப்ளிஃபையரில் கேட்கும் ஒத்து.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 1970இல் வந்த பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம், முதல் பாட்டு. அதன் ரிஃப்பில் மூன்றே ஒலிகள்: கீழ்ச் சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கி பிரதி மத்யமம். பேஸ் வாசித்த கீஸர் பட்லருக்கு கஸ்டவ் ஹோல்ஸ்டின் ‘பிளானெட்ஸ்’ தொகுப்பிலிருந்த செவ்வாய்க் கிரகப் பகுதியின் மேல் இருந்த மோகத்திலிருந்துதான் அது பிறந்தது என்று அந்தக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். ஆக, மெட்டல் பிறந்த அன்றே ஆர்கெஸ்ட்ரா உள்ளே இருந்தது. (ஹோல்ஸ்ட் ரிக்வேதப் பாடல்களுக்கு இசையமைக்கவென்று சமஸ்கிருதம் படித்தவர், சாவித்திரி கதையை ஓபராவாக எழுதியவர். அது வேறு கதை.) சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை ஐரோப்பாவில் சாத்தானின் சுரம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். நம் 72 மேளகர்த்தாக்களில் 36 பிரதி மத்யம மேளங்கள்தான். கல்யாணியைக் கேட்டுவிட்டு இங்கே யாரும் பயந்து ஓடியதில்லை. மெட்டல்காரர்கள் கொஞ்சம் இருட்டு வேண்டும் என்றால் எடுக்கும் ஃபிரிஜியன் ஸ்கேல் நம் தோடியின் சுரவரிசை. கிட்டார்காரர் யங்வி மால்ம்ஸ்டீன் விடாமல் வாசிக்கும் ஹார்மானிக் மைனர், கீரவாணி. பாட்டு வாத்தியாரிடம் முதல் நாள் சரளி வரிசை பாடுகிற பிள்ளையின் மாயாமாளவகௌளை, அவர்களுக்கு அபூர்வமான ‘கிழக்கத்திய’ ஸ்கேல்.

சுரவரிசை ராகமாகாது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள். நியாயம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை சுரம் சுரமாகப் பிய்த்து கிட்டாரில் போட்டால் தோடி வராது, கமகம்தான் தோடி. ஃபிரட் கட்டிய கிட்டாரில் கமகம் பிடிக்கத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும் அல்லது விரலை வழுக்கவிட வேண்டும். கொச்சியின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் செய்தது அதுதான். 2008இல் வந்த ‘மக்தூப்’ ஆல்பத்தில் அவருடைய கிட்டாரை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. பெங்களூரின் அகம் குழுவைப் பற்றி எங்களுக்கு ஒரு குறை உண்டு. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரலை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கீர்த்தனையை எடுத்துச் செய்கிற இடங்களில் கிட்டாரையும் டிரம்ஸையும் நிறுத்திவிட்டுக் கேட்டால் கீர்த்தனை அட்சரம் பிசகாமல் நிற்கிறது. அங்கே வாழை மரம் மெட்டல்.

அதே ஊரின் புராஜெக்ட் மிஷ்ரம் வேறு வழியில் போகிறது. 2021இல் வந்த ‘மேசோ’ ஆல்பத்தில் புல்லாங்குழலும் வயலினும் இருக்கின்றன, கர்நாடக சங்கீதப் பாட்டும் மெட்டலின் கூச்சலும் மாறி மாறி வருகின்றன. ஆனால் உயிர் கணக்கில். ஆதி தாளம் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை, மொத்தம் 32. கிட்டார் ‘தகிட தகதிமி’ என்று ஏழு மாத்திரை ரிஃப்பைப் பிடித்துக்கொள்கிறது என்று வையுங்கள். நாலு முறை வாசித்தால் 28. டிரம்ஸ் எட்டிலேயே நின்றுகொண்டிருக்க, ரிஃப் ஒவ்வொரு முறையும் தாளத்தின் வேறொரு மூலையில் வந்து விழும். கேட்பவனுக்குக் காலடி மண் நகர்ந்த உணர்ச்சி. மிச்சம் நாலு மாத்திரைக்கு ஒரு ‘தகதிமி’ போட்டால் சமத்தில் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். ஸ்வீடனின் மெஷுகா குழு உலகப் புகழ் பெற்றது இந்த மாதிரி வித்தையில்தான். கொன்னக்கோல் படித்த ஒருவன் இதைக் கேட்டுப் புன்னகைப்பான், அவ்வளவே. ஸ்வீடனின் பேஸ் கலைஞர் யோனாஸ் ஹெல்போர்க் 2007இல் ‘ஆர்ட் மெட்டல்’ ஆல்பத்துக்கு வி. செல்வகணேஷை அழைத்ததும் இதற்காகத்தான் இருக்க வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் இரட்டை பேஸ் டிரம்முக்கும் நடுவே சிறிய கஞ்சிரா, தன் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல்.

நம் ஊருக்கு வருவோம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மாவட்டம்; செண்டையும் இங்கே உள்ளூர் மேளம்தான். வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவனின் கீர்த்தனைகளும் இங்கே உண்டு. சி.எஸ்.ஐ. கோயில்களில் ஒரே ஞாயிறு ஆராதனைக்குள் பாமாலையை நான்கு குரலில் பிரித்துப் பாடிவிட்டு, அடுத்த நிமிஷமே ராகத்தோடு கீர்த்தனைக்கு மாறுவார்கள். கிட்டார் பிடிக்கிற நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் பள்ளிக்கூடம் அந்தப் பாடகர் குழுதான். இரட்சணிய சேனையின் பித்தளை வாத்தியமும், சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வரும் பேண்டு செட்டும் சேர்ந்தால் ஒரு ஆர்கெஸ்ட்ராவின் பாதி கோட்டாற்றிலேயே நிற்கிறது. ஆர்கெஸ்ட்ரா தேடி பிராகுக்குப் போக வேண்டாம்.

நாங்கள் சுட்டிக்காட்ட விரும்புவது இதையும் தாண்டி, கொடை நடக்கிற இடத்தை. சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து ஆடும்போது இரண்டு மகுடம் ஒலிக்கும். ஒன்று உச்சம், மற்றது மந்தம். இரண்டையும் தீயில் காட்டித் தோலை இறுக்குவார்கள். எந்த அளவுக்கு வாட்டுவது என்பது கைக்குத்தான் தெரியும். உச்சம் எரிந்து விழ, மந்தம் கீழிருந்து வயிற்றில் குத்தும். அண்ணாவி பாட்டெடுக்க, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். கதை என்ன? சிவன் பெற்ற பிள்ளை மயானத்துக்குப் போய்ப் பிணம் தின்ற கதை. நடுச்சாமத்தில் கைவெட்டு, கணியானின் சொந்த ரத்தம். நார்வேயிலிருந்து இடுகாட்டையும் மண்டையோட்டையும் டி-ஷர்ட்டில் அச்சடித்து வாங்குகிற பிள்ளைகளுக்கு, தெருமுனையில் அரிவாளோடு நிற்கிற மாடன் கண்ணில் படாமல் போவது ஒரு ஆச்சரியம்தான். கண்ணூரின் தி டவுன் ட்ராடென்ஸ் குழுவுக்குத் தெய்யம் கண்ணில் பட்டது. 2014இல் ஆல்பம் போட்டார்கள். சிங்கப்பூர்த் தமிழர் கதிர் முன்னின்று நடத்தும் ருத்ரா 1992லிருந்து வேதாந்தத்தை டெத் மெட்டலில் முழங்கிவருகிறது. நம்முடைய நீலி கதைக்கும் இசக்கி கதைக்கும் வில்லுப்பாட்டில் மட்டும்தான் இடமா?

இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். எது சாஸ்திரீயம், எது ‘ஒச்சை’ என்பதை இங்கே காதுகள் மட்டும் தீர்மானிக்கவில்லை. சாதியும் சேர்ந்துதான் தீர்மானித்தது. சபாவுக்குள் உட்கார்ந்து வாசித்தவருக்கு வித்வான் பட்டம், கோயில் வாசலில் நின்று வாசித்தவருக்கு வேட்டியும் தேங்காய் மூடியும். மகுடத்தின் அடியை செல்போனில் பதிந்து கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிப் பாட்டுக்கடியில் போட்டுவிட்டு, அடித்தவர் பெயரையும் கூலியையும் மறந்தால் அதற்குக் கலப்பு என்று பெயர் வைக்க முடியாது. கணியாரை ஒத்திகை அறைக்கு அழைக்க வேண்டும். இசை எழுதும்போதே அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆல்பத்தின் பேரில் வரும் காசில் அவருக்குப் பங்கு வேண்டும்.

முயல்கிறவர்களுக்கு நடைமுறையாகச் சில சொல்லிவைக்கிறோம். சுருதிப் பிரச்சினை என்று பயப்பட வேண்டாம். நையாண்டி மேளத்துத் திமிரி நாயனம் உச்சத்தில் கீச்சிடும், அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ராஜரத்தினம் பிள்ளை காலத்திலிருந்து கச்சேரிக்கு நிலைத்துவிட்ட பாரி நாகஸ்வரம் பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டை. கிட்டாரின் ஆறு தந்திகளையும் அரைச் சுரம் தளர்த்தினால் அடித்தந்தி இரண்டரைக் கட்டையில் வந்து நிற்கும். ஸ்லேயர் குழு பெரும்பாலும் வாசித்தது அந்தச் சுருதியில்தான். தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்த பிளாக் சாபத்தின் டோனி அயோமி, தந்தி மெத்தென்று இருக்கட்டும் என்று 1971இல் ஒன்றரைக் கட்டை வரைக்கும் இறக்கினார். நம் பாடகர்கள் பலர் உட்காருகிற இடம் அது. மீதி வித்தியாசத்தை நாகஸ்வரக்காரர் சீவாளியிலும் மூச்சிலும் சரிசெய்துகொள்வார்.

உண்மையான தகராறு தவிலில் வரும். விரல்களில் கூடு மாட்டிய ஒரு கையும் கோல் பிடித்த மறு கையும் சேர்ந்து எழுப்பும் சத்தம், இரட்டை பேஸ் டிரம்மும் ஸ்நேரும் உட்காருகிற அதே இடத்தில் வந்து உட்காரும். இருவரும் ஒன்றாக வாசித்தால் இருவர் வாசிப்பும் கேட்காது. மைக் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றி வாசிப்பதுபோல முறை பிரித்துக்கொள்ளலாம். அல்லது டிரம்ஸ்காரர் ஒரு பாட்டு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அப்படி உட்காரச் சம்மதிக்கிற டிரம்ஸ்காரர் யாராவது இந்த மாவட்டத்தில் இருந்தால், அவருக்கு ஈடாக வாசிக்கத் தவில்காரரைத் தேடித் தருவது எங்கள் பொறுப்பு.