அதிகாரி வரும் நாள் தெரியாது: நம் சிறு வணிகங்கள் தயாரா?

வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் தொழிற்சாலைகளுக்குத்தான் என்ற எண்ணம் நம் சிறு வணிகர்களிடையே இன்னும் நீங்கவில்லை. உண்மையில், 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொடக்கத்திலிருந்தே உணவகங்களையும் சில்லறை வணிகத்தையும் தோட்டங்களையும் உள்ளடக்கியதுதான். 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம், வீட்டுப் பணியாளர், ஆயுதப்படை போன்ற சில விதிவிலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களையும் அதன்கீழ் கொண்டுவந்துவிட்டது. முதலாளி தன் பொதுக் கடமையை மீறினால் விதிக்கப்படும் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாக உயர்ந்துள்ளது. நிறுவனம் செய்த குற்றத்திற்கு இயக்குநர் மீதும் வழக்கு வரலாம்.

இச்சட்டத்தை அமலாக்கும் டோஷ் துறையின் அதிகாரிகள் முன்கூட்டியே கடிதம் அனுப்பிவிட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை. வந்தவரிடம் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம். "முதலாளி இல்லை, நாளைக்கு வாங்க" என்று வாசலிலேயே நிறுத்த முடியாது. சோதனையைத் தடுப்பது தனிக் குற்றம்.

பலர் தயாராவது தவறான இடத்தில். யாரிடமோ பணம் கொடுத்து ஒரு கோப்பு வாங்கி அலமாரியில் வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கோப்பு வேண்டும்தான். ஆபத்து மதிப்பீடு இப்போது கட்டாயம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரி தேவைப்படாவிட்டாலும், பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரை ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். ஐந்து பேர் கடையில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் அன்றைய உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்ற முணுமுணுப்பில் நியாயம் உண்டு. அதற்காகச் சட்டம் காத்திருக்காது.

ஆனால் அதிகாரி கோப்பை மட்டும் பார்ப்பதில்லை, ஊழியரிடமும் பேசலாம். சமையலறையில் நிற்கும் நேப்பாளத் தொழிலாளிக்குக் கேஸ் வால்வை எங்கே மூடுவது என்று தெரியுமா? பட்டறையில் காரைத் தூக்கும் லிஃப்டின் பூட்டு பிடிக்கிறதா? தகுதிச் சான்றிதழ் தேவைப்படும் காற்றழுத்தக் கலன் என்றால், அந்தச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா? பின்வாசலை அரிசி மூட்டை அடைத்துக்கொண்டிருக்கிறதா? முந்தின நாள் இரவு உட்கார்ந்து இவற்றைச் சரிசெய்ய முடியாது. உடனடி ஆபத்து என்று அதிகாரி கருதினால் தடை அறிவிப்பு வரும், குறை தீரும்வரை அந்த இயந்திரம் ஓடாது.

தோட்டப்புறத்தில் சிக்கல் வேறு வகையானது. மருந்தடிப்பைக் குத்தகையாளரிடம் விட்டாயிற்று, இனி அது அவர் பாடு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேலையைக் கொடுத்தவருக்கும் குத்தகையாளரின் ஆட்கள்மீது கடமை உண்டு என்கிறது திருத்தப்பட்ட சட்டம். கையுறையும் முகமூடியும் ஸ்டோரில் இருக்கின்றன என்பது பதிலாகாது, மருந்தடிப்பவர் அவற்றை அணிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. விரல் நசுங்கினால் கிளினிக்கில் ரொக்கமாகக் கட்டி, கொஞ்சம் பணம் கொடுத்து, வெளியே சொல்லாதே என்று முடிக்கும் பழக்கம். வேலையிட விபத்தை 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நான்கு நாள்களுக்கு மேல் வேலைக்கு வரமுடியாத காயம் என்றால் டோஷுக்கும் 7 நாள்களுக்குள் படிவம் அனுப்ப வேண்டும். மறைத்த விபத்து சோதனையில் வெளிவந்தால் முதலாளிக்கு அபராதம். வெளிவராமலே போனால், விரல் இழந்தவர் சொக்சோ இழப்பீட்டுக்கு எதைக் காட்டுவார்?